பாலைவனம் பாயசம் அல்ல

காலை நடையில் தினமும் எதிர்ப்படும் நண்பர் ஒருவர் முருகன் கோயில் அடிவாரத்தில் என்னை நிறுத்திக் கேட்டார். "ஜெய்சல்மேர் போயிட்டு வந்தீங்களாமே சார், எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது சார்" என்றேன்.

பொய் சொன்னேன். பார்த்த இடங்கள் நன்றாகத்தான் இருந்தன. நாங்கள் அங்கே நடந்துகொண்ட விதம்தான் நன்றாக இல்லை. முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எதையும் கோப்பில் எழுதி வைத்தால்தான் மனசு ஆறும். ஆகவே எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். முதல் குற்றவாளி நானே என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு பழங்கதை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கொடி மாறியும் எங்கள் வகுப்பில் பாடமொழி மாறவில்லை. சொல்வதெழுதல் என்றால் எங்கள் முசியே புலி. ஒரு நாள், 'பாலைவனத்தில் ஒட்டகம் நடக்கிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொன்னார். பிரெஞ்சில் பாலைவனத்துக்கு ஒரு எஸ். இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாறும் இனிப்பு. இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட இதே வம்புதான். நான் இரண்டு எஸ் போட்டுவிட்டேன். முசியே என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பையனின் ஒட்டகம் பாயசத்தில் நடக்கிறது" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறுபது வருடம் கழித்து, போன ஜனவரியில், தார் பாலைவனத்து மணல்மேட்டில் நின்றபோது அந்த முசியேயை நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு மூத்த குடிமக்கள், ஐந்து நாள் சுற்றுலா. நாங்கள் அத்தனை பேரும் பாலைவனத்தைப் பாயசமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். பென்ஷன், பேரன் பேத்தி, காசி, ராமேஸ்வரம் என்று சாப்பாடு முடிந்தது. கடைசியில் இனிப்பாக ஒரு பாலைவனம்.

ஜோத்பூர் வரை ரயில். அங்கிருந்து பொக்ரான் வழியாகச் சுமார் 280 கிலோமீட்டர் வேன். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்த பொக்ரான்தான். ஆனால் வேனில் அதைப் பற்றிப் பேசியவர் யாருமில்லை. மதியம் தயிர்சாதம் கிடைக்குமா என்பதே பேச்சு. சுற்றுலா நடத்துபவர் மைக்கில் சொன்னார்: "கவலையே வேண்டாம். சாப்பாடு, வெந்நீர், வெஸ்டர்ன் டாய்லெட், எல்லாம் உங்க வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கும்." எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். வீட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கலாமே! 2,000 கிலோமீட்டர் எதற்கு?

முதல் இரவு கோட்டைக்குள் ஒரு பழைய வீட்டை மாற்றிக் கட்டிய விடுதியில் தங்கினோம். ஜெய்சல்மேர் கோட்டை 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர் கட்டத் தொடங்கியது. அது நிற்கும் குன்றின் பெயர் திரிகூடம். நமக்குத் திரிகூடம் என்றதும் குற்றாலமும் குறவஞ்சியும் நினைவுக்கு வரும். அந்தத் திரிகூடத்தில் அருவி. இந்தத் திரிகூடத்தில் வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வது சுமார் 1,400. நம்மூரில் ஒரு நல்ல புயல் இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போவதை அவர்கள் ஒரு வருடம் வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

மஞ்சள் மணற்கல்லில் கட்டிய கோட்டை, சாயங்கால வெயிலில் தங்கமாகவே தெரியும். சத்யஜித் ராய் 1974-ல் இதை வைத்துத்தான் 'சோனார் கேல்லா' என்ற படத்தை எடுத்தார். அதன் பிறகு வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இன்னொரு விசேஷம், இது ஆள் குடியிருக்கும் கோட்டை. உள்ளே அழகான சமணக் கோயில்கள் இருக்கின்றன, கடைகள் இருக்கின்றன, சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

மறுநாள் காலை, குளிர் எலும்பைத் துளைத்தது. குளியலறையில் குழாயைத் திறந்தேன். வெந்நீர் வரவில்லை. பையனைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "திறந்தே விடுங்கள் பாபுஜி, வரும்" என்றான். பத்து நிமிடம் திறந்து விட்டேன். பச்சைத் தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. பிறகு வெந்நீர் வந்தது. இரண்டு பக்கெட் குளித்தேன். என் வீட்டுக்காரி, "என்னங்க, ஒரு பக்கெட் போதாதா?" என்று கேட்டாள். "காசு குடுத்திருக்கோம்ல" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. கிளம்பும்போது கருத்துப் படிவம் கொடுத்தார்கள். அரசு ஊழியன் கையில் படிவம் கிடைத்தால் சும்மா விடுவானா? 'வெந்நீர் பத்து நிமிடம் தாமதம். சரி செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

அன்று மதியம் கோட்டை வாசலுக்குள் சால்வை விற்கும் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என்னை விட ஐந்தாறு வயது மூத்தவர். எனக்கு இந்தி வரும். இலாகாத் தேர்வில் 'பிராக்யா' பாஸ் செய்து, பன்னிரண்டு மாதம் ஒரு இன்கிரிமென்ட் கூடுதலாக வாங்கியவன். எங்கே தங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. என்னை எழுப்பிக் கூட்டிப்போய், சந்துக்குள் ஒரு சுவரின் அடிப்பாகத்தைக் காட்டினார். இடுப்பு உயரம் வரைக்கும் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. அதன் மேல் உப்புப் பூத்து, கல் பொடியாக உதிர்ந்தது. விரலால் தொட்டேன். மாவு மாதிரி ஒட்டியது.

"என் அம்மா கடிசர் குளத்திலிருந்து தலையில் தண்ணீர் கொண்டு வருவாள். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம், ஐந்து குடம். முகம் கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு. கோட்டை எங்களோடு அப்படித்தான் பழகியது" என்றார்.

விஷயம் இதுதான். இந்தக் கோட்டை பெரும்பாலும் சாந்து இல்லாமல், கல்லின் மேல் கல்லைப் பொருத்தி எழுப்பியது. அடியில் இருப்பது கெட்டியான கருங்கல் பாறை அல்ல; களிமண் படலங்கள் ஓடும் மெதுவான பாறை. தண்ணீர் இல்லாத ஊர் என்பதால் அந்த அஸ்திவாரமே போதுமானதாக இருந்தது. தெருவில் ஓடும் வாய்க்கால்கள் எப்போதாவது பெய்யும் மழை வடிவதற்காகச் செய்தவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழாய்த் தண்ணீர் வந்தது. பின்னாலேயே சுற்றுலா வந்தது. வீடுகள் விடுதிகள் ஆயின, அறைக்கு ஒரு குளியலறை ஆயிற்று. ஐந்து குடம் புழங்கிய வீட்டில் இப்போது எத்தனை குடம்? குமாஸ்தா கணக்குப் போட்டேன். இரண்டு வேளைக் குளியல், கழிவறை, கைகால் கழுவல், துணி அலசல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூறு லிட்டருக்குக் குறையாது. எங்கள் இருபத்திரண்டு பேருக்கு ஒரே நாளில் 2,200 லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட நூற்றைம்பது குடம். அத்தனையும் கசியும் வாய்க்கால் வழியாகக் குன்றுக்குள் இறங்குகிறது. களிமண் உப்புகிறது, இளகுகிறது. மேலே உள்ள கொத்தளம் நழுவுகிறது.

நான் மிகைப்படுத்தவில்லை. 1990-களில் இந்தக் கோட்டையின் கொத்தளங்கள் சில இடிந்து விழுந்தன. ஆபத்தில் இருக்கும் உலக நினைவுச்சின்னங்கள் என்று நியூயார்க்கில் உள்ள உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-ல் வெளியிட்ட முதல் பட்டியலிலேயே ஜெய்சல்மேர் கோட்டை இருந்தது. 2013-ல் யுனெஸ்கோ ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது இதுவும் அதில் ஒன்று. பட்டம் வந்தால் கூட்டமும் கூடும். கூட்டம் கூடினால் குழாயும் கூடும். 2024 ஆகஸ்டில் ஒரு மழையில் மறுபடியும் கோட்டைச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. எண்ணூறு வருடம் படையெடுப்புகளைத் தாக்குப் பிடித்த கோட்டை ஐயா அது! குளியலறைக்குத் தோற்றுக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுவரடியில் நின்றபோது என் கருத்துப் படிவம் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடம் வெறுமனே ஓட விட்ட தண்ணீர் எங்கே போயிருக்கும்? போன இடத்தைத்தான் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் போய் அந்தப் படிவத்தை வாங்கிக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. வேன் புறப்பட்டுவிட்டது.

இரண்டாவது இரவு ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, சம் மணல்மேடுகளில் கூடாரம். கூடாரம் என்றால் பெயர்தான். உள்ளே ஏசி, கட்டில், கண்ணாடி வைத்த குளியலறை. வாசலில் நீச்சல்குளம்! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பையனிடம் கேட்டேன். "டேங்கர்" என்றான். யாராவது இறங்குவார்களா என்றேன். "ஜனவரியில் யார் இறங்குவார்கள் பாபுஜி? போட்டோவுக்குத்தான்." பாலைவனத்தில், போட்டோவுக்காக, ஒரு குளம் தண்ணீர் வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் பதினெட்டுப் பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ராத்திரி கச்சேரி. மாங்கணியார் என்ற பரம்பரை இசைக்காரர்கள். முஸ்லிம்கள், ஆனால் தலைமுறைகளாக இந்துக் குடும்பங்களின் கல்யாணத்திலும் பிள்ளைப்பேற்றிலும் பாடுகிறவர்கள். கமாய்ச்சா என்ற வில்வாத்தியம் வாசிப்பார்கள். அதில் பெரிய வித்வானாக இருந்த ஹமீரா கிராமத்து சாகர் கானுக்கு 2012-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்களுக்காக வந்தவர் ஒரு கிழவரும் அவர் பேரனும். இரண்டு பாட்டு முடிவதற்குள் எங்கள் ஆள் ஒருவர் எழுந்து, "சினிமாப் பாட்டு வருமா?" என்றார். கிழவர் சிரித்துக்கொண்டே கமாய்ச்சாவை உறையில் போட்டார். பிறகு ஸ்பீக்கர் பெட்டி அலற ஆரம்பித்தது. பக்கத்துக் கூடாரங்களிலும் அதே அலறல். அந்தப் பகுதியில்தான் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது, 3,162 சதுர கிலோமீட்டர். நாடு முழுவதிலும் நூற்றைம்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் கானமயிலுக்கு அதுதான் முக்கியமான புகலிடம். சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அந்தப் பறவை எங்கே போகும்?

நம் பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது பாலைக்குப் பிரிவைத்தான் வைத்தார்கள். வீட்டை விட்டுப் பொருள் தேடிப் போகிறவன் கடக்கும் வழி அது. அங்கே போகிறவன் எதையோ இழக்கத் தயாராகப் போனான். நாங்கள் எதையும் இழக்காமல், ஒரு பக்கெட் வெந்நீரைக்கூட இழக்காமல் போய்விட்டு வந்தோம்.

இப்போது எதிர்க்கட்சி பேசும். எனக்குத் தெரியும்.

"சுற்றுலா இல்லையென்றால் அந்த ஜனங்கள் எதைச் சாப்பிடுவார்கள்?" நியாயமான கேள்வி. அந்தச் சால்வைக்காரரும் கமாய்ச்சாக் கிழவரும் ஒட்டகக்காரரும் நம் பணத்தில்தான் பிழைக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீச்சல்குளத்துக்காக நாம் கொடுத்த பணத்தில் கமாய்ச்சாக்காரருக்கு எவ்வளவு போயிற்று? பாட்டைக் கேட்டிருந்தால் அவர் பிழைப்பார். ஸ்பீக்கர் பெட்டி வாடகை அவருக்குப் போவதில்லை. எந்தக் கோட்டையைக் காட்டிப் பிழைக்கிறார்களோ, அந்தக் கோட்டையே சரிந்தால் பிழைப்பும் சரியும்.

"உள்ளூர்க்காரர்களும் குழாய்த் தண்ணீர் புழங்குகிறார்களே?" ஆமாம், புழங்கட்டும். இந்திரா காந்தி கால்வாய் சட்லெஜ், பியாஸ் நதிகளின் நீரை அந்தப் பாலைவனத்துக்குக் கொண்டு வந்தது பெரிய சாதனை. நமக்குக் கிருஷ்ணா நீர் வந்த மாதிரி. பெண்கள் தலையில் குடம் சுமந்த காலத்தைப் புகழ்கிறவன் நான் இல்லை. அந்தப் பாரம் இறங்கியதே பெரிய விடுதலை. குடியிருப்பவர்களுக்கு ஒழுங்கான சாக்கடை கட்டிக் கொடுப்பது அரசாங்கத்தின் கடமை. ஆனால் எண்ணூறு வருடமாக இருக்கிறவர்களின் தேவையையும், ஓர் இரவு தங்கப் போகிற என் இரண்டு பக்கெட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

"இந்த வயசுக்கு மேல சௌகரியம் கேட்பது தப்பா?" தப்பில்லை. முழங்கால் வலிக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும். மருந்து வேண்டும், போர்வை வேண்டும். எனக்கும் வேண்டும். அதையெல்லாம் கோட்டைக்குக் கீழே, சமதரையில் இருக்கும் விடுதியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே! மேலே ஏறிப் பார்த்துவிட்டு ராத்திரி கீழே வந்து படுத்தால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் பட்டியலில் கடிசர் குளத்துக்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் வெட்டியது. குழாய் வரும்வரை ஊருக்கே அதுதான் தண்ணீர். அதன் கரை வளைவைக் கட்டியவள் திலோன் என்ற ஒரு தாசி என்றும், அரசர் இடிக்கச் சொன்னபோது மேலே கண்ணன் சிலையை வைத்துக் காப்பாற்றினாள் என்றும் கதை சொல்கிறார்கள். இன்னும் சொன்னால் அங்கே 'கடீன்' என்று ஒரு முறை இருக்கிறது. பாலிவால் என்ற சமூகத்தார் பரப்பியது. சரிவில் மண்கரை போட்டு, எப்போதாவது பெய்யும் மழையை அதற்குள் நிறுத்துவார்கள். அது மண்ணில் ஊறி வற்றியதும், அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளையும். நாம் ஏரிக்கரைக்கு வெளியே மதகு வழியாகப் பாசனம் செய்தோம். அவர்கள் கரைக்கு உள்ளேயே பயிர் செய்தார்கள். நமக்கு அண்ணன் தம்பி முறை! அனுபம் மிஸ்ரா என்ற காந்தியர் அந்த மண்ணின் நீர்மரபைப் பற்றி 1995-ல் இந்தியில் ஒரு புத்தகமே எழுதினார். இதைக் காட்டத்தானே நம்மைக் கூட்டிப் போக வேண்டும்? பட்டியலில் கடீன் இல்லை. 'ஷாப்பிங்' இரண்டரை மணி நேரம் இருந்தது.

இதையெல்லாம் சொல்ல நம் குன்றத்தூர்க்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். செம்பரம்பாக்கம் நமக்குக் கூப்பிடு தூரம். 24 அடி நிறைந்தால் 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் அதிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட ராத்திரி நமக்கு மறக்காது. அடையாற்றுக் கரையில் வரதராஜபுரமும் முடிச்சூரும் மிதந்தன. நாலே வருடத்தில், 2019 கோடையில், அதே ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் நாம். லாரி வராத நாளில் ஒரு பக்கெட்டில் இரண்டு பேர் குளித்தோம். அதே ஆட்கள் ரயிலேறிப் பாலைவனத்துக்குப் போனதும் அதை மறந்துவிட்டோம். இதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாதவன் செய்தால் மன்னிக்கலாம். நமக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கைகள். கோட்டைக்குள் புதிதாக ஒரு விடுதி அறைக்கும் அனுமதி தரக்கூடாது. இருப்பவற்றையும் படிப்படியாகக் குறைத்து, அந்தக் குடும்பங்களுக்குக் கீழே பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும். சுற்றுலா நடத்துபவர்கள், சைவமா அசைவமா என்று சொல்வது போல, தங்கும் இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதையும் பணம் கட்டுமுன் எழுதித் தர வேண்டும். மணல்மேட்டில் நீச்சல்குளம் கூடவே கூடாது. இதை நாம் கேட்டால் நடக்கும். இந்தக் குளிர்காலச் சுற்றுலாக்களில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள். தயிர்சாதம் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு இதையும் கேட்கத் தெரியாதா?

போன வாரம் அதே நண்பரை அதே அடிவாரத்தில் பார்த்தேன். வரும் டிசம்பருக்கு அவரும் அவர் வீட்டம்மாவும் பணம் கட்டிவிட்டார்களாம். நான் சொன்ன "ரொம்ப நல்லா இருந்தது"தான் காரணம். கல் பெஞ்சில் உட்கார வைத்து, இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். மனிதர் சற்று நேரம் பேசவில்லை.

"அப்போ போக வேண்டாம்ங்கிறீங்களா சார்?"

"போங்க சார். கண்டிப்பாப் போங்க. ராத்திரி மட்டும் கோட்டைக்குக் கீழ தங்குங்க. இப்பவே போன் பண்ணி அறையை மாத்தச் சொல்லுங்க. அந்தக் கிழவர் பாடினா முழுசாக் கேளுங்க. அப்புறம், வெந்நீர் வரலேன்னா குழாயைத் திறந்து விட்டுட்டு நிக்காதீங்க. கீழ ஒரு பக்கெட் வையுங்க."

அங்கேயே போனை எடுத்தார். சுற்றுலாக்காரர் முதலில் முடியாது என்றார். பிறகு பார்க்கிறேன் என்றார். முடிவு என்ன என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.